பளிங்கு அல்ல, பீங்கான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு அரச குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெர்சாய் அரண்மனைச் செலவுக் கணக்கையெல்லாம் சுவையாக எழுதியிருந்தார்கள். ஆனால் 16ஆம் லூயியின் அரசி மரி அந்துவானெத்தின் மார்பளவுச் சிலைப் படத்துக்குக் கீழே ‘பளிங்குச் சிலை’ என்று போட்டுவிட்டீர்கள். சிற்பி லூயி சிமோன் பொவாசோ 1781இல் அவரைப் பளிங்கில் செதுக்கியது உண்மைதான். அது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் அச்சிட்ட படத்தில் இருப்பது வேறு. அடியில் கருநீலப் பீடமும் பொன் விளிம்பும் தெரிகின்றனவே, அதுவே போதும். பாரிஸை அடுத்த செவ்ர் அரசப் பட்டறையில் சுட்டெடுத்த பீங்கான் அது.

இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். ஆனால் பூச்சும் வண்ணமும் இல்லாத இந்தச் சிலைகள் மலிவான சரக்கு என்ற தொனியும் கட்டுரையில் வருகிறது. விஷயம் நேர் எதிரானது.

பட்டறை 1740இல் வின்சென் கோட்டையில் தொடங்கி, 1756இல் செவ்ருக்கு இடம் மாறியது. 1759இல் 15ஆம் லூயி அதை முழுவதும் தன் உடைமையாக்கிக்கொண்டார். அங்கே 1750களின் தொடக்கத்தில் பஷெலியே என்ற ஓவியர்தான் உருவங்களுக்குக் கண்ணாடிப் பூச்சே வேண்டாம் என்று முடிவெடுத்தவர். காரணம் எளிது. பூச்சு சூளையில் உருகி, இமையோரத்திலும் உதட்டு மடிப்பிலும் தேங்கிவிடும். அந்தக் காலத்துப் பூச்சிட்ட 15ஆம் லூயி சிலைகளைப் பார்த்தால் தெரியும்: மூக்கு நுனியிலும் கன்னத்திலும் வெளிச்சம் பளிச்சிடும், முகம் பிடிபடாது. பிஸ்க்யூ எனப்படும் பூச்சில்லாத பீங்கானில் ஒவ்வொரு கீறலும் அப்படியே நிற்கும். கூடவே குறையும் நிற்கும் என்பதுதான் சங்கடம். சிறு விரிசலையோ கரும்புள்ளியையோ மறைக்க அதன் மேல் எதுவும் கிடையாது.

வேலையும் லேசுப்பட்டதல்ல. சிற்பியின் மாதிரியிலிருந்து பல துண்டுகளாகப் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சில் அழுத்தியெடுத்த துண்டுகளைக் குழைத்த களிமண்ணால் ஒட்டி, இணைப்புக் கோட்டைச் சுரண்டி, கூந்தல் சுருளையும் ஆடையின் லேஸையும் கருவியால் மறுபடி கூர்மையாக்குவார்கள். அப்புறம் சூளை. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் மாதிரியே பெரிதாக இருக்க வேண்டும். தாங்குகட்டைகளையும் அதே மண்ணில் செய்வார்கள். அவையும் உடன் சுருங்காவிட்டால் அரசியின் கழுத்து கோணிவிடும். 1768இல் லிமோஜ் பக்கம் சேன் திரியேயில் கயோலின் என்ற வெண்களிமண் கிடைத்த பிறகு கடினப் பீங்கான் கைவந்தது, பெரிய சிலைகளும் சாத்தியமாயின. 1773இல் சிற்பப் பிரிவின் தலைவரான பொவாசோவுக்கு அந்த வசதி இருந்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அச்சுதான். பளிங்கு முகம் ஓரிடத்தில் நிற்கும். அச்சு இருந்தால் அரசரின் முகத்தை எத்தனை வீடுகளுக்கும் அனுப்பலாம், விற்கவும் செய்யலாம். ஆண்டிறுதியில் வெர்சாயில் தன் அறைகளிலேயே செவ்ர் பீங்கானைப் பரப்பி, அரசவையினரை வாங்க வைத்தவர் 15ஆம் லூயி! அயல்நாட்டுக்கும் செவ்ர் பீங்கான்தான் பரிசு. 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போன திப்பு சுல்தானின் தூதர்களுக்கும் 16ஆம் லூயி அதைத்தான் கொடுத்தார்.

கட்டுரை புரட்சியோடு முடிந்துவிடுகிறது. பட்டறை முடியவில்லை. 1793இல் அரசரும் அரசியும் கில்லட்டினுக்குப் போனார்கள். அரசியின் முகத்தை வடித்த அதே பொவாசோ செவ்ரிலேயே இருந்து, பிற்பாடு நெப்போலியன் பொனபார்ட்டின் மார்பளவுச் சிலையையும் செய்தார். கட்டுரையாளர் ஒரு பத்தி கூட்டி அதையும் எழுதியிருக்கலாம்.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். இனி இத்தகைய படங்களைப் போடும்போது எதனால் செய்தது, எவ்வளவு உயரம், எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. உயரம் தெரியாததால்தான் மேசையில் வைக்கும் சிலையும் மண்டபத்துச் சிலையும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்