மணியார்டர் படிவத்துக்காகப் பேசியவருக்கு

தீரேந்திரநாத் தத்தா ஐயாவுக்கு வணக்கம்.

சிறுவயதில் மாமா கொடுத்த தபால்தலை ஆல்பம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் 1960களின் பாகிஸ்தான் தலை ஒன்று. கட்டைவிரல் அகல இடத்துக்குள் உருது, வங்காளம், ஆங்கிலம் என மூன்று எழுத்திலும் நாட்டின் பெயர். இடம் போதாமல் ஏன் இப்படி நெருக்கியடிக்கிறார்கள் என்று அப்போது நினைத்ததுண்டு. உங்கள் பேச்சைப் படித்த பிறகு அந்த நெருக்கடி வேறு மாதிரித் தெரிகிறது.

1948 பிப்ரவரி 25, கராச்சி. பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையில் கிழக்கு வங்காளத்தின் (இன்றைய வங்கதேசம்) உறுப்பினர் நீங்கள். உருதுவிலோ ஆங்கிலத்திலோ பேசலாம் என்றிருந்த விதியில் வங்காளத்தையும் சேருங்கள் என்றீர்கள். அவ்வளவுதான் திருத்தம். 6 கோடியே 90 லட்சம் மக்களில் 4 கோடியே 40 லட்சம் பேர் வங்காளம் பேசுகிறவர்கள் என்று கணக்கும் காட்டினீர்கள். என்னைப் பிடித்துக்கொண்டது கணக்கு அல்ல, நீங்கள் சொன்ன மணியார்டர் உதாரணம்.

ஓர் ஏழை விவசாயி. மகன் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுக்குப் பணம் அனுப்பலாம் என்று கிராமத்துத் தபால் நிலையத்துக்குப் போனால் படிவம் உருதுவில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடித் தூரத்து டவுனுக்கு ஓட வேண்டும். நிலம் வாங்கப் போனாலும் இதே கதை. முத்திரைத்தாளில் இருப்பது உருது. கொடுத்த காசுக்குச் சரியான தாள்தானா என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? கிழக்கு வங்காளத்தின் கோமில்லா நகரில் காலமெல்லாம் வக்கீலாக இருந்தவருக்குத்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

படிவத்தைப் பற்றிக் கேட்டவருக்கு மதத்தைப் பற்றிப் பதில் வந்தது. முஸ்லிம் நாட்டுக்கு முஸ்லிம்களின் மொழிதான் பொதுமொழி, இந்தத் திருத்தம் மக்களைப் பிரிக்கப் பார்க்கிறது என்றார் பிரதமர் லியாகத் அலி கான். கிழக்கு வங்காளத்தின் முதல்வர் நஜிமுதீனோ எங்கள் மக்கள் உருதுவைத்தான் விரும்புகிறார்கள் என்றார். அவர் உருது பேசும் டாக்கா நவாப் குடும்பத்துக்காரர். நீங்களோ காங்கிரஸ்காரர், அதிலும் இந்து. சந்தேகப்பட அதுவே போதுமாக இருந்தது. திருத்தம் தோற்றது.

உருது மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது எந்த மாகாணத்துக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் பொது என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1951 கணக்கெடுப்பில் உருது பேசியவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். வங்காளம் பேசியவர்கள் பாதிக்கும் மேல். தெரியாதவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளலாம், சரி. ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதற்குள் ஆபீஸ் நாற்காலிகளில் உட்கார்ந்துவிட மாட்டார்களா?

அடுத்த மாதமே ஜின்னா டாக்கா வந்தார். உருது மட்டுமே அரசு மொழி என்று ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சொன்னார். குஜராத்தி வீட்டில் பிறந்தவர் அதைச் சொன்னது ஆங்கிலத்தில்! மார்ச் 24 அன்று கர்சன் ஹாலில் அதையே திரும்பச் சொன்னபோது மாணவர்கள் ‘இல்லை, இல்லை’ என்று கத்தினார்கள். உங்கள் விவசாயியின் மகனும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வங்காளத்தையும் அரசு மொழியாக்கக் கேட்டு டாக்காவில் போராடிய மாணவர்கள் மீது 1952 பிப்ரவரி 21-இல் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. 1956 அரசியல் சட்டம் இரண்டு மொழிகளையும் அரசு மொழிகளாக ஏற்றது. நீங்கள் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார்கள், உயிர்களை வாங்கிக்கொண்டு.

உருதுவாவது வாழ்ந்ததா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. நீங்கள் போன பிறகு வந்த பாகிஸ்தானின் 1973 அரசியல் சட்டம், 15 ஆண்டுகளுக்குள் உருதுவை ஆட்சிமொழியாகப் புழங்க வைக்க வேண்டும் என்றது. 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆபீஸ் நாற்காலியிலிருந்து ஆங்கிலம் இன்னும் எழுந்திருக்கவில்லை.

1971 மார்ச் 29. வங்கதேச விடுதலைப் போர் தொடங்கியிருந்த நாட்கள். கோமில்லா வீட்டிலிருந்து உங்களையும் மகன் திலீப் குமாரையும் பாகிஸ்தான் ராணுவம் கொண்டுபோனது. உங்களுக்கு வயது 84. மைனாமதி ராணுவ முகாமிலிருந்து இருவருமே திரும்பவில்லை. அந்த மாதம் கோமில்லா தபால் நிலையத்தில் இருந்த தலைகளிலும், என் ஆல்பத்தில் இருப்பதைப் போலவே, வங்காள எழுத்தில் ‘பாகிஸ்தான்’ என்று இருந்திருக்கும்.