ஆண்டறிக்கை: ஊர்ப் பாதுகாப்பும் நம் சங்கத்தின் பணிகளும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் நடந்த விவரம், வந்தவர்கள் பெயர், நிறைவேற்றிய தீர்மானங்கள் எல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கின்றன. அதை எடுத்து இங்கே வாசிக்கப் போவதில்லை. சென்ற பொதுக்குழுவில் ஊர்ப் பாதுகாப்பை இந்த ஆண்டின் முதல் வேலையாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அது எந்த அளவுக்கு நடந்தது என்பதைச் சொல்வதுதான் இந்த அறிக்கை.

கிணற்று மோட்டார் கேபிள் திருட்டிலிருந்து தொடங்குகிறேன். செம்புக்கு எப்போதும் கிராக்கி உண்டு. கேபிளை அறுத்து, மேலுறையை எரித்துவிட்டால் அது யார் தோட்டத்துக் கம்பி என்று எவராலும் சொல்ல முடியாது. ஆண்டின் தொடக்கத்தில் பல தோட்டங்களில் இப்படிப் போனது. செயற்குழுவினர் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது, பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் புகாரே கொடுக்கவில்லை என்று தெரிந்தது. ஸ்டேஷனுக்கு யார் அலைவது என்றார்கள் சிலர். எடுத்தவன் தெரிந்த வீட்டுப் பையனாக இருந்துவிட்டால் நாளைக்கு அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்றார்கள் சிலர். இரண்டாவது காரணம்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பெரிய நகரத்தில் திருடன் யாரோ, பறிகொடுத்தவர் யாரோ. நம் மாதிரி ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்தப் பழக்கம்தான் நமக்குப் பாதுகாப்பு, அதுவேதான் வாயையும் கட்டிப் போடுகிறது.

புகார் இல்லையென்றால் பதிவேட்டில் திருட்டு இல்லை. பதிவேட்டில் இல்லாத இடத்துக்கு இரவு ரோந்து வராது. போலீஸ் வருவதில்லை என்று நாம் குறைப்படுவதற்கு முன்னால் இதைச் சரி செய்தாக வேண்டும் என்று செயற்குழு கருதியது. அதனால் எந்த உறுப்பினர் புகார் கொடுக்கப் போனாலும் சங்கத்திலிருந்து இருவர் கூடப் போவது என்று தீர்மானித்தோம். புகார் எழுத, ரசீது வாங்க, அடுத்த முறை போய் விசாரிக்க, எல்லாவற்றுக்கும் துணை. இந்த ஆண்டு நாம் செய்ததில் மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்பது என் எண்ணம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இவற்றை ஒரே தாளில் அச்சடித்து எல்லா வீடுகளுக்கும் கொடுத்திருக்கிறோம். கிடைக்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை திருட்டுப் போன தோட்டத்திலேயே திரும்பவும் போனது. இது தற்செயல் இல்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கிர்க்கோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களின் நடுவில் வீட்டுத் திருட்டு மிக மோசமாக இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, திருட்டுப் போன வீட்டிலேயே கொஞ்ச நாளில் மறுபடி திருட வருகிறார்கள் என்பது தெரிந்தது. வழி தெரிந்த இடம், போன பொருளுக்குப் பதில் புதிதாக வாங்கி வைத்திருப்பார்கள். அதனால் ஊர் முழுக்கக் காவல் போடாமல், பறிகொடுத்த வீட்டின் பூட்டை முதலில் பலப்படுத்தினார்கள். அதைச் சுற்றியிருந்த சில வீட்டாரை மட்டும் அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். திருட்டு பெருமளவு குறைந்தது. நம்மிடம் ஆள் குறைவு, பணமும் குறைவு, அதனால் இந்த வழி நமக்குப் பொருந்தும் என்று தோன்றியது. இப்போது எங்கே திருட்டுப் போகிறதோ அந்தத் தோட்டத்துக்குச் சில வாரங்களுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மோட்டார், ஸ்ப்ரேயர், பைக் ஆகியவற்றின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டிலும் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டுப் போவதும் பழக்கமாகி வருகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பயணப் படங்களை ஊர் திரும்பிய பிறகு போடலாம்.

கேமரா வேண்டும் என்று நிறைய உறுப்பினர்கள் கேட்கிறீர்கள். பேருந்து நிறுத்தத்திலும் முக்கியச் சந்திலும் வைத்திருக்கிறோம். அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. வெல்ஷ், ஃபாரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கேமராவால் தெளிவான பலன் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில்தான். தெருவிளக்கைப் பற்றியும் அவர்கள் பார்த்தார்கள். நல்ல வெளிச்சம் வந்த இடங்களில் இரவில் மட்டுமில்லாமல் பகலிலும் குற்றம் குறைந்திருந்தது. தெருவைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள் என்ற எண்ணம் வருவதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள். எரியாத விளக்குக் கம்பங்களின் எண்ணைக் குறித்துப் பேரூராட்சிக்கு மனுக் கொடுத்தோம். பாதிக்கு மேல் சரியாகிவிட்டன, மீதிக்கு நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது.

அப்புறம் போன் மோசடி. உறுப்பினர் ஒருவருக்கு வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் வந்து, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, காமிராவை விட்டு நகரக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. அவர் பணம் அனுப்பிவிட்டார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் தெரிந்தவுடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வைத்ததால் ஒரு பகுதி வேறு கணக்குக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்கப்பட்டது. முதல் சில மணி நேரம்தான் முக்கியம். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒருவாரம் கழித்துச் சொல்வது மோசடிக்காரனுக்குத்தான் வசதி. வீட்டில் பெரியவர்கள் ஏமாந்தால் பிள்ளைகள் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

இனி ஒரு கவலை. அறிமுகமில்லாத ஒருவர் தெருக்களில் சுற்றுகிறார், குழந்தை பிடிக்க வந்தவர் என்று ஒரு மாலையில் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவியது. கூட்டமும் சேர்ந்துவிட்டது. சங்க உறுப்பினர்கள் சிலர் நடுவே போய் நின்று 112-க்கு அழைத்து, போலீஸ் வரும்வரை யாரையும் அவர்மேல் கை வைக்க விடவில்லை. அவர் மனநலம் சரியில்லாமல் வழி தவறி வந்தவர், பிறகு குடும்பத்தார் வந்து அழைத்துப் போனார்கள். அன்று நடுவே நின்றவர்களுக்கு இந்தப் பொதுக்குழு எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அது எங்கே போய் முடிந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துக் கூட்டம் அடித்துக் கொன்றது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் வைத்து அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று உண்டு, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப் போவது மாதிரி. அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விளம்பரம். குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். ஊரைக் காப்பதற்காகச் சேரும் கூட்டம் கொலைகாரக் கூட்டமாக மாற அதிக நேரம் ஆகாது. அதனால்தான் இளைஞர்கள் கம்போடு இரவுக் காவல் போகலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. பார்ப்பதும் சொல்வதும் நம் வேலை, பிடிப்பதும் விசாரிப்பதும் நம் வேலை அல்ல.

மோட்டார் கேபிள் போனால் வாங்கிக்கொள்ளலாம். அடுத்துச் சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் எதிராக வீட்டுக்குள், உறவுக்குள், தெரிந்தவர்களால் நடக்கும் கொடுமைகளை நம் ஊர்களில் ‘பேசி முடிப்பது’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து, மானம் போய்விடும் என்று சொல்லி, ஒரு தொகையையோ ஒரு மன்னிப்பையோ வாங்கிக் கொடுத்து மூடிவிடுகிறார்கள். இதை நம் சங்கம் இனி எந்த வடிவத்திலும் செய்யாது, செய்கிறவர்களுக்குத் துணையும் போகாது. 2012-இன் போக்சோ சட்டப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. பேசி முடிக்க இடமே இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181. 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, அடி வாங்கும் பெண்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றில்லை, நல்லெண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம், அதற்காக அவர்மேல் எந்த வழக்கும் வராது. ‘குடும்ப விஷயம், நமக்கெதற்கு’ என்று கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம் என்று ஒவ்வொரு உறுப்பினரையும் கேட்கிறேன்.

இந்த ஆண்டு எங்கள் கவனத்துக்கு வந்தவற்றை இங்கே விவரிக்க மாட்டேன். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்ற சட்டம் சங்கக் கூட்டத்துக்கும் பொருந்தும். மகளிர் அணி உறுப்பினர்கள் உரிய இடத்தில் சொல்லி, மருத்துவமனைக்கும் கவுன்சிலிங்குக்கும் கூடவே போய் வருகிறார்கள். அவர்கள்மேல் ஊரில் சிலருக்குக் கோபம் இருக்கிறது. சங்கம் முழுமையாக அவர்கள் பக்கம் நிற்கிறது.

கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளைக் கணக்கெடுத்து மூடி போடும் வேலை ஏறக்குறைய முடிந்தது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வேலி, எச்சரிக்கைப் பலகை, பயன்படாத குழியை மூடுவது எல்லாம் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னவை. சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைக் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. 108-க்கு அழைத்துவிட்டுக் கூட இருங்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: துணைக்குப் போகும் குழுவில் மகளிர் எண்ணிக்கையைக் கூட்டுவது, தனியாக வாழும் முதியவர்களை முறை வைத்துத் தினமும் விசாரிப்பது, பள்ளி விடும் நேரத்தில் நெடுஞ்சாலைச் சந்திப்பில் போலீஸ் நிற்க மனுக் கொடுப்பது. இவற்றின் மேல் உறுப்பினர்கள் கருத்துச் சொல்லலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது படிப்பார். அதன்பின் இந்த அறிக்கையையும் கணக்கையும் சேர்த்து ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்