ஆட்டத்தைத் தள்ளிவைத்தவர்களுக்கு, தாப்பா ஓய்விடத்திலிருந்து

போட்டியை நடத்தும் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெயரையோ அமைப்பின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும். இதே விஷயத்தை மலாயில் எழுதி உங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி நாலு வாரம் ஆகிறது. 'கிடைத்தது, நன்றி' என்று கணினி தானாகப் போடும் பதில் ஒன்று வந்தது, அவ்வளவுதான். சரி, தமிழில் எழுதினால் எங்கள் ஆட்களாவது படிப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அலுவலகத்திலும் தமிழ் படிக்கத் தெரிந்த யாராவது இருப்பார்கள். மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லட்டும்.

நான் பட்டர்வொர்த்தில் கணக்கு வேலை பார்ப்பவள். பினாங்கு காற்பந்து அணி வெளியூர் போகும்போது எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பேருந்து எடுப்போம். பணம் வசூலிப்பது, டிக்கெட் வாங்குவது, பேருந்துக்காரரிடம் பேரம் பேசுவது எல்லாம் என் தலையில். அதனால் அந்தச் சனிக்கிழமை நடந்ததைக் கணக்கோடு சொல்ல என்னால் முடியும்.

கோலாலம்பூரில் இரவு 9 மணிக்கு ஆட்டம். பகல் 12 மணிக்குப் பட்டர்வொர்த்தில் கிளம்பினோம். 39 பேர், அதில் பிள்ளைகள் 6 பேர். பேருந்தின் வயிற்றில் இரண்டு உறுமி, ஒரு தவில், அரிசிச் சேமியா மீகூன் 40 பொட்டலம். உறுமி அடிக்கும் பையன்கள் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் காவடிகளோடு போகிறவர்கள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அந்த மேளம் காற்பந்துக்குத்தான். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்புகூட உங்கள் முகநூல் பக்கத்தில் இரண்டு அணிகளின் சின்னத்தையும் போட்டு 'இன்றிரவு அரங்கத்தில் சந்திப்போம்' என்று ஒரு படம் இருந்தது. அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதே நான்தான்.

சுங்கை பேராக்கில் ஒருமுறை நிறுத்தினோம். மெனோரா சுரங்கப்பாதை, ஈப்போ எல்லாம் தாண்டி, நெடுஞ்சாலையோரத் தாப்பா ஓய்விடத்தில் இறங்கும்போது மணி நாலாகப் போகிறது. பிள்ளைகள் கழிவறைக்கு ஓடினார்கள். ஆண்கள் மீகூன் பொட்டலங்களை இறக்கினார்கள். அப்போது கூலிம்காரத் தம்பி ஒருவன் கைபேசியை நீட்டி, "அக்கா, இதைப் பாருங்க, யாராவது விளையாட்டுக்குப் போட்டதா?" என்றான்.

விளையாட்டில்லை. 3.40-க்கு உங்கள் பக்கத்தில் இரண்டு வரி வந்திருந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் இன்றைய ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். கீழே ஆதரவாளர் நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக. கருத்துப் பகுதி பூட்டியிருந்தது.

ஒத்திவைத்ததற்காக நான் சண்டைக்கு வரவில்லை. இந்த நாட்டில் காற்பந்து பார்க்கிறவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். சாயங்காலமானால் கோலாலம்பூரில் வானம் எப்படி இருட்டும் என்று தெரியும். திடலில் தண்ணீர் நின்று பந்து உருளாவிட்டாலோ, இடி இறங்கினாலோ நடுவர் நிறுத்துவார். குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம், முடியாது என்றால் வீட்டுக்குப் போவோம். அந்தச் சனிக்கிழமை வெயில் கொளுத்தியது, அது வேறு விஷயம்.

2017-ஐ நினைத்துப் பாருங்கள். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் வட கொரியாவோடு நம் மலேசியா மார்ச் மாதம் ஆட வேண்டியிருந்தது. பிப்ரவரியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டார், இரண்டு நாட்டு உறவும் கெட்டது. ஆட்டம் ஜூனுக்குப் போனது, பிறகு அக்டோபருக்கு, கடைசியில் நவம்பரில் தாய்லாந்தின் புரிராமில் இரண்டு ஆட்டங்களையும் முடித்தார்கள். இரண்டிலும் 4-1 என்று தோற்றோம். தோற்றதற்குத் திட்டினோமே தவிர, தள்ளிப்போனதற்கு யாரும் யாரையும் திட்டவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று பேருந்தில் என் தாய்மாமாவும் இருந்தார். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோமே, அந்த ஆட்டத்தைப் பார்க்க ரயிலேறிப் போனவர். அப்போது அவருக்கு 19 வயது. கோல் கம்பத்தில் ஆர். ஆறுமுகம் நின்றதை இப்போது சொன்னாலும் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டித்தான் சொல்வார். 'ஸ்பைடர்மேன்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள், அவ்வளவு நீளக் கை என்பார். அத்தனை பாடுபட்டு ஜெயித்த பிறகு நம் அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நாடே அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மாமாவுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. தாப்பாவில் மீகூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவர் சொன்னது: "ஒலிம்பிக்குக்கே போகலன்னு சொன்னப்ப காரணத்தைச் சொல்லித்தான் சொன்னாங்க. ஒரு ஆட்டத்துக்கு ஒரு காரணம் சொல்லத் தெரியலையா இவங்களுக்கு?"

நான் இவ்வளவு நீளமாகக் கேட்பதை அவர் ஒரு கேள்வியில் கேட்டுவிட்டார்.

நீங்கள் காரணம் சொல்லாததால் பேருந்துக்குள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். விளக்குக் கம்பத்தில் கோளாறு என்றார் ஒருவர். போலீஸ் அனுமதி கிடைக்கவில்லையாம், அங்கே வேலை செய்யும் அண்ணன் சொன்னார் என்றார் இன்னொருவர். யாருக்கோ சம்பள பாக்கி, ஆட்டக்காரர்கள் இறங்க மாட்டோம் என்றுவிட்டார்கள் என்று மூன்றாவதாக ஒன்று கிளம்பி, ஈப்போவில் இருக்கும் ஒருவரின் மச்சான் வரைக்கும் போய், அங்கிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது. இதில் எது உண்மை, எல்லாமே பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த அணியின் பெயரும் இப்படிக் கெட வேண்டியதில்லை. உண்மையை நாலு சொல்லில் எழுதியிருந்தால் அன்றே அடங்கியிருக்கும்.

இன்னொன்று. டிக்கெட் வாங்கும்போது என் பெயர், அடையாள அட்டை எண், கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் கேட்டீர்கள், கொடுத்தேன். அந்த எண்ணுக்கு அணியின் புது ஜெர்சி வந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வருகிறது. 'முந்துங்கள், இன்னும் கொஞ்ச டிக்கெட்தான்' என்று வருகிறது. ஆட்டம் நடக்காது என்று மட்டும் வரவில்லை. கூலிம் தம்பி முகநூலைப் பார்க்காமல் இருந்திருந்தால் நாங்கள் அரங்க வாசல்வரைக்கும் போய்ப் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்போம். அப்படிப் பார்த்தவர்களும் இருந்தார்களாம்.

கணக்குக்கு வருகிறேன். பேருந்து வாடகை 2,600 வெள்ளி (ரிங்கிட்). பெரியவர்கள் 33 பேர் ஆளுக்கு 75 போட்டார்கள், குறைந்த 125-ஐ எங்கள் பொதுப் பணத்திலிருந்து எடுத்தேன். டிக்கெட் பெரியவர்களுக்கு 25, பிள்ளைகளுக்கு 10, மொத்தம் 885. இணையத்தில் வாங்கியதற்குச் சேவைக் கட்டணம் டிக்கெட்டுக்கு 2 வெள்ளி, அது ஒரு 78. நீங்கள் 885-ஐத் திருப்பிக் கொடுத்தீர்கள், 19 நாள் கழித்து. 78 வரவில்லை, கேட்டதற்கு விதிமுறை அப்படி என்றார்கள். பேருந்துக்காரர் வண்டி ஓட்டினார், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டியதுதான், அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் என் நோட்டுப் புத்தகத்தில் எழுத முடியாத செலவும் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு பையன்கள் இந்த ஒரு சனிக்கிழமைக்காக இரண்டு இரவு வேலையைச் சக ஊழியர்களிடம் மாற்றிக்கொண்டார்கள். கூலிம்காரர்கள் கதை இன்னும் மோசம். அவர்கள் கெடா மாநிலம். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலை நாள். ஆட்டம் முடிந்து விடியற்காலை நாலு மணிக்கு வீடு சேர்ந்தவன் எட்டு மணிக்கு வேலைக்கு நிற்க முடியாது என்று ஞாயிற்றுக்கும் விடுப்பு எடுத்திருந்தார்கள். நடக்காத ஆட்டத்துக்கு வருஷ விடுப்பில் ஒரு நாள் போனது.

தாப்பாவில் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்களோ மாட்டீர்களோ, சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பலாம் என்றார்கள். பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. பேருந்துக்காரர், "கட்டின காசு கட்டினதுதான், எங்க சொல்றீங்களோ அங்க ஓட்டுறேன்" என்றார். மாமாதான் "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பத்துமலைக்காவது போவோம்" என்றார். ஆக, நீலமும் மஞ்சளுமாக ஜெர்சி போட்டுக்கொண்டு 39 பேர் சாயங்காலம் ஆறரை மணிக்குப் பத்துமலையில் போய் இறங்கினோம். மாமா முட்டிவலிக்காரர், கீழேயே பெரிய முருகன் சிலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் 272 படியையும் ஏறினோம். சுற்றுலாப் பயணிகள் எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் இன்றைக்கு என்ன திருவிழா என்று என்னிடம் கேட்டார். காற்பந்துத் திருவிழா என்றேன். பையன்கள் உறுமியை இறக்கிப் பத்து நிமிஷம் அடித்தார்கள். அந்த இடத்தில் உறுமிச் சத்தம் கேட்டால் ஏன் என்று கேட்பவர் யாரும் கிடையாதே. முருகனுக்கு அன்று எதிர்பாராத பூசை.

சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எங்களுக்குக் கோபமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரசிகர்கள் முன்போல் அரங்கத்துக்கு வருவதில்லை என்று உங்களைப் போன்றவர்கள் பேசும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் இங்கிலாந்து ஆட்டம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். பினாங்குக்காரர்களிடம் இதைச் சொல்லாதீர்கள். 1974-க்குப் பிறகு மலேசியக் கிண்ணம் எங்கள் ஊருக்கு வரவில்லை, அப்படியும் போகிறோம். 2016 பிப்ரவரி 16, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. ஜார்ஜ்டவுன் பண்டாராயா அரங்கத்தில் பஹாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி ஒரு ஃப்ரீகிக் அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய் மறு பக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. உலகத்திலேயே அந்த வருஷத்தின் சிறந்த கோல் என்று ஃபிஃபா அதற்குப் புஸ்காஸ் விருது கொடுத்தது. அன்று 'செவ்வாய்க்கிழமைதானே, அடுத்த வாரம் போவோம்' என்று வீட்டில் படுத்துக்கொண்டவர்களில் என் தம்பியும் ஒருவன். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். எந்த இரவில் அப்படி ஒன்று நடக்கும் என்று தெரியாது, அதனால்தான் போகிறோம். 200 கிலோமீட்டர் வந்த பிறகு முகநூலில் இரண்டு வரி படித்தவர்கள் அடுத்த முறை 75 வெள்ளி எடுத்துக் கொடுக்க யோசிக்கிறார்கள். என் நோட்டில் அடுத்த பயணத்துக்கு இதுவரை 17 பெயர்தான் இருக்கிறது.

நான் கேட்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. விளக்கு, அனுமதி, சம்பளம் மாதிரி ஏதாவது இழுபறியில் இருந்தால் அது உங்களுக்கு முந்தின நாளே தெரிந்திருக்கும். அன்றைக்கே, 'சந்தேகமாக இருக்கிறது, நாளைக் காலை எட்டு மணிக்குச் சொல்கிறோம்' என்று சொல்லுங்கள். வெளியூர் ரசிகர்கள் புறப்படும் நேரம் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் முடிவெடுங்கள். வாங்கி வைத்திருக்கும் எண்களுக்கு ஒரு குறுஞ்செய்தி. காரணம் ஒரு வரி, கசப்பானதாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் அந்த 78 வெள்ளி. அது 78 வெள்ளிக்காக இல்லை, ஆனாலும் கொடுங்கள்.

மறுதேதி இன்னும் வரவில்லை. ஏதோ ஒரு செவ்வாய் அல்லது புதன் இரவு என்று பேச்சு அடிபடுகிறது. இரவு 9 மணிக்குத் தொடங்கினால் முடிய 11 ஆகும், பட்டர்வொர்த் வந்து சேர விடியற்காலை நாலு. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு வேலை. வார நாளில் வைத்துவிட்டு, வெளியூர் ரசிகர் பகுதி காலியாகக் கிடந்தது என்று பிறகு சொல்லாதீர்கள்.

மாமா தினமும் இரவுச் செய்தி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "தேதி சொல்லிட்டாங்களா?" என்று கேட்கிறார். பேருந்துக்காரரும் கேட்கிறார், அவருக்குப் பத்து நாள் முன்னதாக 500 வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும். எந்த நாள் என்று சொன்னால் கட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து, பேருந்துக் கணக்குப் பார்ப்பவள்