ஏற்காட்டு ஆர்க்கிட்டும் சேலத்து வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் தோட்டப் பகுதியில் ஒரு வாசகர், ஏற்காட்டில் வாங்கி வந்த ஆர்க்கிட் செடியின் பூக்களெல்லாம் சேலத்தில் ஒரே வாரத்தில் உதிர்ந்துவிட்டன, ஏன் என்று கேட்டிருந்தார். தண்ணீர் போதவில்லை, தினமும் இருவேளை ஊற்றுங்கள் என்று பதில் வந்திருந்தது. அதை நம்பி இந்தக் கோடையில் எத்தனை வீடுகளில் ஆர்க்கிட் வேர் அழுகப் போகிறதோ என்று மனம் பதறுகிறது. அந்தப் பூக்கள் உதிர்ந்தது தண்ணீர்க் குறையால் இருக்க வாய்ப்பு குறைவு. அவற்றைக் கொன்றது வெப்பம்.

மலர்ந்து நிற்கும் பூவும் சுவாசிக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழித்துத்தான் அது உயிரோடு இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இந்த ஏற்றம் ஒன்றே ஏழெட்டு டிகிரி வித்தியாசத்தைக் கொடுத்துவிடுகிறது. அதைவிட முக்கியம் இரவு. மலையில் பொழுது சாய்ந்ததும் குளிர்ந்துவிடுவதால் பகலில் வாடிய பூ தேறிக்கொள்கிறது. இங்கே சித்திரை மாதத்தில் பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் நள்ளிரவு வரை அனலைக் கக்குகிறது. பூவுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. மேலே இரண்டு மாதம் நிற்கும் பூ கீழே இரண்டு வாரம் தாங்குவதே பெரிது.

கேடு பல சமயம் வீட்டுக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. செடியைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்தில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வெப்பம் சிறிது நேரத்தில் 50 டிகிரியை எட்டிவிடும். அன்று பூவில் எதுவும் தெரியாது. ஓரிரு நாளில் தண்டின் நுனியில் இருக்கும் மொட்டுகள், விரியாமலே மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்துவிடும். பிறகு விரிந்த பூக்கள். இதழ் கண்ணாடித் தாள்போல மெலிந்து நரம்புகள் துலங்கத் தெரியும். விளிம்பு உள்நோக்கி மடியும். அடுத்த நாள் தரையில் கிடக்கும். அந்த நேரத்தில் தொட்டியை விரலால் தோண்டிப் பார்த்தால், மண்ணுக்குப் பதிலாக இட்டிருக்கும் மரப்பட்டையும் கரித்துண்டும் ஈரமாகவே இருக்கும். இதைப் பார்த்த எவரும் மேலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லமாட்டார்கள்.

ஆர்க்கிட் என்றால் ஒன்றல்ல என்பதையும் அந்தப் பதில் கணக்கில் எடுக்கவில்லை. சிம்பிடியம் குளிர்ப் பிரதேசத்துச் செடி. குளிர்ந்த இரவுகள் இல்லாவிட்டால் பூக்கவே மறுக்கும். பூத்ததைச் சேலத்துக்குக் கொண்டுவருவது அதற்குச் செய்யும் கொடுமை. கடைகளில் அதிகம் விற்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்களும் வாண்டாவும் வெப்பம் தாங்குபவை. நிழல் வலையும் காற்றோட்டமும் இருந்தால் நம் ஊரிலேயே வாரக்கணக்கில் பூ நிற்கும். அகன்ற இதழோடு பட்டாம்பூச்சி வடிவில் பூக்கும் ஃபெலனாப்சிஸ் இரண்டுக்கும் நடுவில். 18 முதல் 25 டிகிரி வரை அதற்கு உகந்தது.

வெயிலுக்குப் பயந்து சிலர் பூத்தண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். அதுவும் தவறு. வெப்ப மண்டலத்து டென்ட்ரோபியம் 10 டிகிரிக்குக் கீழே போனால் இதழில் நீர் கோத்ததுபோல் கறை விழுந்து பழுப்பாகிவிடும். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம், வடக்குப் பார்த்த சன்னலோரம், செடியின் மேல் நேரே வீசாத மின்விசிறிக் காற்று, இவை போதும்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதம்தான் சேலத்தில் மாம்பழக் காலமும். மல்கோவாவும் இமாம் பசந்தும் கூடையில் பழுத்துக் கிடக்கும் அதே அறையில் ஆர்க்கிட்டை வைத்தால், பழம் வெளிவிடும் எத்திலீன் வாயுவே பூவை முதுமையடையச் செய்துவிடும். வெப்பம் கூடினால் பழமும் வேகமாகப் பழுத்து அந்த வாயுவை இன்னும் மிகுதியாக விடும். கூடை கூடத்தில் இருந்தால் பூ வேறு அறையில் இருக்கட்டும்.

பூ போனால் செடி போனதாக எண்ணி அப்படியே குப்பையில் போடுகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இலை பச்சையாகவும் வேர் கெட்டியாகவும் இருந்தால் செடி நலமாகவே இருக்கிறது. ஃபெலனாப்சிஸுக்குப் பூத்தண்டு விட இரவுக் குளிர்ச்சி வேண்டும். 28 டிகிரிக்கு மேல் நீடித்தால் தண்டே வராது. சேலத்தில் அந்தக் குளிர்ச்சி மார்கழியிலும் தையிலும் கிடைக்கிறது. தண்டு கிளம்பிப் பூ விரிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். வைகாசியில் வீசி எறிந்த செடி அடுத்த பங்குனியில் பூத்திருக்கக்கூடிய செடி.

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கும் மலை நம்முடையது. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களின் கிளைகளில் ஆர்க்கிட் தானாக வளரும் மலை. அங்கிருந்து ஒரு செடியை வாங்கி இறங்குபவருக்கு அதன் பெயரும், அது தாங்கும் வெப்பமும் சொல்லப்பட வேண்டாமா? "இரண்டு மாதம் பூ நிற்கும்" என்று மட்டும் சொல்லி விற்பது வாங்குபவருக்கும் நல்லதல்ல, செடிக்கும் நல்லதல்ல. அண்ணா பூங்காவில் நடக்கும் கண்காட்சியிலும் சாலையோர நாற்றுப் பண்ணைகளிலும் ஒவ்வொரு தொட்டியிலும் இன்ன வகை, இத்தனை டிகிரி வரை, சமவெளிக்கு ஏற்றது அல்லது ஏற்றதல்ல என்று ஓர் அட்டை கட்டும்படி தோட்டக்கலைத் துறையினர் சொன்னால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

தாங்களும் அந்தப் பதிலுக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கண்காட்சி தொடங்கும் முன்பே வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.