விக்கி பற்றி நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நூலகர்களுக்கு,

"விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதாதே" என்று மாணவர்களிடம் சொல்லும் வழக்கம் உங்களில் பலருக்கு இன்னும் இருக்கிறது. அவர்களும் தலையாட்டிவிட்டு, வெளியே போனதும் கைபேசியில் அதைத்தான் திறக்கிறார்கள்.

உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல. அமெரிக்க இதழாளர் ஜான் சைகன்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்டு ஒருவர் எழுதிய பொய், 2005இல் நான்கு மாதங்களுக்கு மேல் விக்கிப்பீடியாவில் கிடந்தது. அதே ஆண்டு 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் 4 பிழைகள், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் 3. ஆய்வு முறையே தவறு என்று பிரிட்டானிக்கா சண்டைக்கு வந்தது. சரி, அந்தக் கணக்கை விடுங்கள். அச்சிட்ட கலைக்களஞ்சியத்திலும் பிழை உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா?

அச்சில் கிடைக்காத ஒன்று விக்கியில் கிடைக்கிறது. ஒரு வரி எந்த நாளில் நுழைந்தது, எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்டுரையோடு இணைந்த வரலாற்றுப் பக்கத்திலும் உரையாடல் பக்கத்திலும் திறந்தே கிடக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சான்று இருக்கிறதே என்று அடிக்குறிப்பையும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். விக்கியைப் பார்த்து எழுதிய செய்தியே பிறகு அதே வரிக்குச் சான்றாக வந்து உட்காருவதும் உண்டு. இரண்டின் தேதிகளையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இதைச் சொல்லித்தர உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? தன்னையே மூலமாக மேற்கோள் காட்ட வேண்டாம் என்றுதான் விக்கிப்பீடியாவும் சொல்கிறது. அடிக்குறிப்பு கைகாட்டும் நூல்களோ உங்கள் அலமாரியில் இருக்கின்றன.

விக்கிப்பீடியாவின் 15ஆவது பிறந்தநாளையொட்டி, 2016இல், ஒவ்வொரு நூலகரும் ஒரு சான்றைச் சேர்க்கட்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அவ்வளவு சிறிய வேலைதான். ஆனால் புத்தகம் கையில் இருப்பவர்தான் செய்ய முடியும்.

நூலகத்துக்குள் ஊழியர்களுக்காக நடத்தும் விக்கி, அதாவது ஊழியர்களே சேர்ந்து எழுதித் திருத்தும் தளம், வேறு கதை. அடிக்கடி வரும் கேள்விகள், எந்தத் தொகுப்பில் எந்த இதழ் விடுபட்டிருக்கிறது என்பது மாதிரியான விஷயங்கள் மூத்தவர் ஒருவரின் தலையில் மட்டும் இருந்து, அவர் ஓய்வு பெற்றதும் போய்விடுகின்றன. அதற்கு விக்கி நல்ல இடம். அப்புறம், எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் யாரும் எழுத மாட்டார்கள். பக்கத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கடைசியாகச் சரிபார்த்த தேதியை மேலேயே போடுங்கள்.

அடுத்த முறை ஒரு மாணவர் விக்கிப் பக்கத்தோடு வந்தால், அடிக்குறிப்பில் உள்ள நூலை எடுத்து அவர் கையில் கொடுங்கள். நூல் வேறு மாதிரி சொன்னால், 'தொகு' பொத்தானை அவரையே அழுத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்