அரசிலையும் நுரையீரலும்

அன்பு மகளுக்கு,

படம் கிடைத்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் இரண்டு அரசிலைகளை நுரையீரலாக வைத்தது நல்ல யோசனைதான். ஆனால் இலை நரம்பையே மூச்சுக்குழாயாகக் காட்டினது பொருந்தவில்லை. அரசிலையின் சிறு நரம்புகள் ஒன்றோடொன்று கூடி வலையாகும். ஓரிடத்தைப் பூச்சி அரித்தாலும் தண்ணீர் சுற்றிப் போய்ச் சேரும். மூச்சுக்குழாய் பிரிந்தால் பிரிந்ததுதான். ஏறக்குறைய 23 தடவை கவர்விட்டுக் காற்றறையில் முடியும், நடுவில் ஒன்றுசேராது. ஆகவே வலையைக் காற்றறைகளைச் சுற்றியுள்ள இரத்த நுண்குழாய்களுக்கு வைத்துக்கொள். மூச்சுக்குழாய்க்கு, குளக்கட்டில் இலை கொட்டி நிற்கும் இலுப்பையைத் தலைகீழாகக் கீறு. இலவமரம் சரிவராது, அது கொப்புகளைத் தட்டுத்தட்டாகக் கிடையாக நீட்டும்.

கவர்விடும்போது தடிப்பைக் கவனி. 10 மி.மீ. தண்டு சமமான இரண்டு கொப்பாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ.; இது லியனார்டோ டா வின்சி மரங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு. இரத்தக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் 8க்குக் கிட்ட வரும். நீ 5 ஆகக் குறைத்திருக்கிறாய், அதுதான் கொப்புகள் ஒட்டவைத்தமாதிரித் தெரிகின்றன. மூச்சுக்குழாயின் வலது கிளை இடதைவிட அகலம், கட்டை, செங்குத்து. வலது நுரையீரலில் மூன்று சோணை (மடல்), இடதில் இரண்டு. ஆள் நம்மைப் பார்த்து நிற்பதால் வலது நுரையீரல் தாளின் இடப்பக்கம் வரவேண்டும். எல்லாரும் சறுக்குகிற இடம் அது.

நரம்பு மட்டும் மிஞ்ச இலையை அவித்தபோது கிழிந்துபோனதென்று எழுதியிருந்தாய். தளிராக இருந்திருக்கும், இல்லாவிட்டால் கொதி கூடியிருக்கும். முற்றின, மஞ்சளாகாத இலை எடு. அங்கே மக்னோலியா இலை கிடைத்தால் அதுவும் நல்லது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. அப்பச்சோடாவின் காரம் போதாது. அலுமினியச் சட்டியைச் சோடா அரிக்கும், எனாமல் சட்டி எடு. சிறு நெருப்பில் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். சதை விரலுக்கு வழுக்கினால் இறக்கி, கையுறை போட்டு, தட்டையான பீங்கானில் தண்ணீருக்குள் பரப்பி, மெல்லிய பல்தூரிகையால் நடுநரம்பிலிருந்து ஓரத்துக்குத் தட்டித் தட்டி எடு. தேய்க்காதே. சதை போகாவிட்டால் திரும்ப அரை மணித்தியாலம் அவி. பலவந்தம் பண்ணினால் முதலில் போவது அரசிலையின் வால்தான். பிறகு தாளுக்கிடையில் பாரம் வைத்துக் காயவிடு, சும்மா காய்ந்தால் சுருளும்.

வெள்ளரசில் பிடுங்கி இப்படி எடுத்த நரம்பிலை ஆறு இதற்குள் இருக்கிறது. கடிதத்தைப் பிரிக்கையில் மடித்துவிடாதே.

அப்பா