கோத்தகிரி வீட்டின் மூன்று அறைகள்

கண்ணு கயல்,

கோத்தகிரி வீட்டில் விருந்தாளிகள் தங்கக் கட்டும் மூன்று அறைகளின் வரைபடமும் சுவரில் ஒட்ட நீ எழுதியிருக்கும் அறிவிப்புகளும் வந்து சேர்ந்தன. வரைபடம் நன்றாக இருக்கிறது. அறிவிப்புகளில் முக்கால்வாசியை எடுத்துவிடு. மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குகிறவர் இத்தனை கட்டளைகளையும் படித்து மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். அறையில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வேறு விஷயங்கள்: கைக்கெட்டும் இடத்தில் எது இருக்கிறது, எது முன்பே தயாராக இருக்கிறது, எதற்காக நாலு அடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டிப் பைப் பதிக்கும் முன் இதையெல்லாம் தீர்த்துவிட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு மாற்றினால் செலவு இரட்டிப்பு.

முதலில் கீசர். "மின்சாரத்தை வீணாக்காதீர்" என்று எழுதியிருக்கிறாய். விருந்தாளி மின்சாரத்தை வீணாக்க நினைப்பதில்லை. தண்ணீர் எப்போது சுடும் என்று தெரியாததால் இரவே போட்டுவிட்டுத் தூங்குகிறார். கணக்கு எளிது. 15 லிட்டர் கீசர், 2000 வாட். குளிர்காலக் காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள். அதை 45 டிகிரிக்குக் கொண்டுவர 17, 18 நிமிடமும் 0.6 யூனிட்டும் போதும். இரவு முழுக்க ஓடினால், ஆறும் சூட்டை ஈடுகட்ட அது விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே சுவிட்சின் மேல் ஒரே வரி: "20 நிமிடத்தில் வெந்நீர் தயார்." அவர் மனதில் இருக்கும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முன்கூட்டியே போட வேண்டிய தேவை இல்லை. வரைபடத்தில் சுவிட்ச் குளியலறைக் கதவுக்கு மேலே இருக்கிறது. அதை அறையை விட்டு வெளியேறும் கதவின் பக்கம் கொண்டு வா. சிவப்பு விளக்கு உள்ள 20 ஆம்பியர் சுவிட்சாகப் போடு. கதவைப் பூட்டப் போகும்போது கண்ணில் படும் சிவப்பு விளக்கு, எந்த அறிவிப்பை விடவும் அதிகம் வேலை செய்யும்.

சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் போன் சார்ஜரும் அதோடு சேர்ந்து நின்றுபோனால், பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிவிட்டு வெளியே போய்விடுவார்கள். பிறகு கீசர், விளக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சார்ஜிங் பிளக்கை மட்டும் அந்தச் சுற்றுக்கு வெளியே விடச் சொல்.

ஆறு சுவிட்ச் வரிசையாக உள்ள பலகையில் எது எந்த விளக்குக்கு என்று யாருக்கும் புரியாது. எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார்கள். விளக்குகள் அறையில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில், ஜன்னல் பக்க விளக்குக்கு ஜன்னல் பக்க ஓரத்து சுவிட்ச் என்று அமைத்தால் எழுத்தே வேண்டாம். பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி நிறைய எழுதிய டான் நார்மன் பல ஆண்டுகளாக வலியுறுத்துவது இதைத்தான். வாசல் விளக்கின் சுவிட்ச் கதவுக்கு உட்புறம், கீல் பக்கம் இல்லாமல் தாழ்ப்பாள் பக்கம் இருக்கட்டும். நம் ஊரில் இரவில் கதவைத் திறக்கும் முன் வெளியே வெளிச்சம் வேண்டும். காட்டெருமையோ கரடியோ நிற்பது கதவைத் திறந்த பிறகு தெரிந்து பயனில்லை.

துண்டைப் பற்றி நீ படித்த ஆய்வு எனக்கும் தெரியும். கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008-ல் வெளியிட்டது. "சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள்" என்ற அட்டை வைத்த ஓட்டல் அறைகளில் சுமார் 35 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்; "பெரும்பாலான விருந்தினர்கள் அப்படிச் செய்கிறார்கள்" என்ற அட்டை வைத்த அறைகளில் 44 சதவீதம். ஆனால் இன்னும் ஒருவர்கூடத் தங்காத அறையில் "பெரும்பாலானோர்" என்று எழுதுவது பொய். அதை எழுதாதே. மேலும் அந்த அட்டை கோத்தகிரியில் தோற்க வேறொரு காரணம் உண்டு: பனிமூட்டத்தில் துண்டு காய்வதில்லை. காலையில் ஈரமாகத் தொட்டால் யாராக இருந்தாலும் புதிது கேட்பார்கள். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி, காற்று இரு பக்கமும் போகும்படி கம்பி போடு. ஆளுக்கு ஒரு கம்பி, ஆளுக்கு ஒரு நிறத் துண்டு. எது யாருடையது என்ற குழப்பத்தில்தான் பாதித் துண்டு தரைக்கு வருகிறது.

குரங்கு அறிவிப்பைக் கட்டாயம் மாற்ற வேண்டும். "பலர் தீனி போடுவதால் குரங்குகள் தொல்லை தருகின்றன" என்று எழுதியிருக்கிறாய். இதைப் படிப்பவர் மனதில் நிற்பது, பலர் போடுகிறார்கள் என்பதுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் சியால்டினி குழுவினர் இதைச் சோதித்தார்கள். "முன்பு வந்தவர்களில் பலர் கல்மரத்தை எடுத்துச் சென்றுவிட்டார்கள்" என்ற பலகை வைத்த பாதையில், ஆய்வாளர்கள் அடையாளமிட்டு வைத்த கல்மரத் துண்டுகளில் ஏறக்குறைய 8 சதவீதம் களவு போயின. "எடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்ன பலகை வைத்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. நீயும் "குரங்குக்குத் தீனி வேண்டாம்" என்று எழுதினால் போதும். சமையலறைக் கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங் கீல் போட்டுவிடு. கதவைச் சாத்த மறப்பவரைத் திருத்தப் பார்ப்பதை விட, மறந்தாலும் சாத்திக்கொள்ளும் கதவு நல்லது.

குப்பைத் தொட்டிகளுக்கு நிறம் மட்டும் போதாது. மூடியில் உள்ள துளையின் வடிவம் கையை வழிநடத்தும். 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மறுசுழற்சித் தொட்டிக்கு அதற்கென்று துளையிட்ட மூடி போட்டதும் பாட்டில், டின் சேர்வது 34 சதவீதம் கூடியது. தப்பான குப்பை 95 சதவீதம் குறைந்தது. பாட்டிலுக்கு 10 சென்டிமீட்டர் வட்டத் துளை, காகிதத்துக்கு நீளமான கீறல். உணவுக் குப்பைக்குத் துளையே கூடாது. கொக்கி போட்ட மூடி, இருட்டும் முன் வீட்டுக்குள். வாசனைக்குக் கரடி வரும். பாட்டில் தண்ணீர் வாங்காதீர் என்று சொல்வதற்குப் பதில், அவர்கள் நுழையும் முன் வடிகட்டிய தண்ணீர் நிரம்பிய ஜக்கும் இரண்டு டம்ளரும் கட்டிலருகே இருக்கட்டும்.

விருந்தாளிக்குத் தரும் குடைக்கு 100 ரூபாய் முன்பணம் வாங்கி, குடை திரும்பியதும் கொடுத்துவிடலாம் என்றாய். சரி. நம் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைத் தொடர்ந்து, 2022 மே 15 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டோரம் உடைந்து கிடந்து விலங்குகளின் காலைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பியது. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் விளக்கியதுபோல, கையில் வரும் பத்து ரூபாயை விடக் கையை விட்டுப் போகும் பத்து ரூபாய் கனமானது.

ஆனால் அறையைத் தாமதமாகக் காலி செய்தால் 200 ரூபாய் அபராதம் என்பதை நீக்கிவிடு. முன்பணமும் அபராதமும் மனதில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. அதுவரை காத்திருக்கும் ஆசிரியையை நினைத்துக் கூசியவர்கள், பணம் கட்டியதும் அதைக் கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். நீயும் 200 என்று எழுதினால், இரண்டு மணி நேரத்துக்கு அது மலிவு என்று கணக்குப் போடுவார்கள். முந்தைய நாள் மாலை, "நாளை 11 மணிக்கு அடுத்த குடும்பம் வருகிறது, அறையைச் சுத்தம் செய்யப் பெண்கள் 10 மணிக்கு வருவார்கள்" என்று நேரில் சொல். உண்மையான காரணத்தைக் கேட்டவர் இழுத்தடிப்பது குறைவு.

இனி முன்பதிவுப் படிவம். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். காலை உணவு, தீமூட்டல், ஜீப் சுற்று மூன்றுக்கும் முன்பே டிக் போட்டு வைத்திருக்கிறாய். முன்பே டிக் போட்டதை மக்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை என்பது உண்மை. உறுப்புதானத்துக்குத் தனியாகச் சம்மதம் தர வேண்டிய ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் 12 சதவீதம். மறுத்தால் ஒழிய சம்மதம் என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கு மேல் என்று 2003-ல் வெளியான ஒப்பீடு காட்டியது. அவ்வளவு பலம் உள்ள ஒன்றை, தெரியாமல் 750 ரூபாய் சேர்க்கப் பயன்படுத்தாதே. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. கேட்காத பொருளைக் கணக்கில் நுழைப்பது, "ஒரே ஓர் அறைதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, விலையைத் துளித்துளியாகக் கூட்டிக் கடைசியில் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். கீசர் சுவிட்சை ஏன் அங்கே வைத்தாய் என்று விருந்தாளி கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லலாம். டிக்கை ஏன் முன்பே போட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்? முதல் பக்கத்திலேயே வரியெல்லாம் சேர்த்த முழு விலையைப் போடு. பதிவு செய்ய ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும் என்றால் ரத்து செய்யவும் ஒரு செய்தி போதும்.

காலை உணவுக்கு மூன்று வகை போதும். ஜாம் ஆய்வைக் காரணம் காட்டாதே. 24 வகை வைத்தால் வாங்குவது குறையும் என்று 2000-ல் வந்த அந்த முடிவு, பின்னர் பலர் செய்து பார்த்தபோது ஒரே சீராக வரவில்லை. நம் சமையலறையில் இரண்டு அடுப்புதான் இருக்கிறது. அதுவே போதுமான காரணம்.

நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் பற்றிய வரி, உன் பத்து வரி வரவேற்புச் செய்தியின் நடுவில் புதைந்திருக்கிறது. அதைத் தனியாக எடுத்து, கிளம்புவதற்கு முந்தைய மாலை மறுபடி அனுப்பு: "நாளைக்கு வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், இந்த இணைப்பில் எடுக்கலாம்." வேறு எதையும் அதில் சேர்க்காதே. குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போனில் சிக்னல் தேடும்போது எந்தச் செய்தியும் உதவாது.

கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார். அதற்குள் கீசர் சுவிட்ச், வாசல் விளக்கு, துண்டுக் கம்பி மூன்றின் இடத்தையும் வரைபடத்தில் சிவப்பு மையில் குறித்து அனுப்பு. குளியலறைக் கதவின் அகலத்தையும் எழுது. மழைக்காலத்தில் மரம் ஊதும், இழைக்கும்போதே இடைவெளி விடச் தச்சரிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா